குழலைக் குறுக்கலும் முடி சூட்டலும்

குறுக்கம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எம்மனோர்க்கு ஐகாரக் குறுக்கமும் ஔகாரக் குறுக்கமும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஈண்டு யாம் கூறப் புகுந்த குறுக்கம் எழுத்தைப் பற்றியதன்று, இரும்பைப் பற்றியது. ரைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலை நீளத்திற் குறைத்து, குறைத்த இடத்தில் அதன் வாயைச் செப்பஞ்செய்தலே இக்கட்டுரையின் பொருள். வாயைச் செப்பஞ்செய்யும் அவ்வேலையை ஆங்கிலம் பேசுவோர் 'முடி சூட்டல்' என்று பொருள்படும் சொல்லாலே வழங்குவர். எழுத்துக் குறுகினால் மாத்திரை குறையும் என்பது இலக்கணம். குழல் குறுகினால் எது குறையும், எது குறையாது என்பதை யாம் ஆராய நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு தேசீய மாணவர் படையின் முகாம் ஒன்றிற்கு யாமும் எம் தோழர் ஒருவரும் சென்றிருந்தோம். தோழர் குறி பார்த்துச் சுடுவதில் வல்லவர். ஆயினும் அம்முகாமில் அவர் கைக்கு வந்த .22 துப்பாக்கி அவர் சொற்படி கேட்கவில்லை. 25 மீட்டர் தூரத்தில் ஐந்து தோட்டாக்களைச் சுட்டால் ஐந்தும் ஐந்து திசையிற் சென்று விழுந்தன. மூச்சை அடக்கவில்லை என்றும், விசையை வெடுக்கென இழுத்தார் என்றும் பயிற்றுவோர் கடிந்துகொண்டனர். இரண்டாம் நாளும் அவ்வாறே ஆயிற்று. தோழரோ, தம் கையையே தாம் ஐயுறத் தொடங்கிவிட்டார். மூன்றாம் நாள், ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அத்துப்பாக்கியை வாங்கி, அதன் வாயைப் பூதக்கண்ணாடியால் நோக்கினார். பின்னர், "தம்பி, பிழை உன் கையில் இல்லை, இதன் வாயில் இருக்கிறது" என்றார். யாமும் நோக்கினோம். துளையின் விளிம்பில் ஓரிடத்தில், கடுகிற் பாதியும் இராத ஒரு நசுங்கல் தென்பட்டது. எப்போதோ எவரோ கல்லின்மேல் இடித்திருத்தல் வேண்டும். இத்துணைச் சிறு வடு அத்துணைப் பெரும் பிழையை விளைக்குமோ என்று எமக்கு வியப்பு உண்டாயிற்று. அவ்வியப்பினால் தேடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

துப்பாக்கி என்பது தமிழ்ச் சொல்லன்று. துப்பு என்பதற்கு வலிமை என்னும் பொருள் உண்டாதலின், வலிமையை ஆக்குவது துப்பாக்கி எனச் சிலர் பொருள் கூறி மகிழ்வர். அஃது இனிய கற்பனையே ஒழிய உண்மை அன்று. துருக்கியம், பாரசீகம் முதலிய மொழிகளின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. இது நிற்க.

ரைபிளின் குழல் உட்புறத்தில் வழவழப்பாக இராது. உழவன் நிலத்திற் சால் இட்டாற்போல, நான்கு, ஐந்து, ஆறு என்னும் எண்ணிக்கையிற் பள்ளங்கள் குழலின் உள்ளே ஓடும். அவை நேரே ஓடாமல் திருகாணியின் புரிபோல் வளைந்து வாய்வரை செல்லும். இவற்றைப் புரிச்சால் என்று வைத்துக்கொள்வோம். சால்களுக்கிடையே உள்ள மேடுகள் குண்டைப் பற்றித் திருப்புதலால், குண்டு சுழன்றுகொண்டே வெளிப்படும். பிரிட்டிஷ் இந்தியப் படைகள் நெடுங்காலம் தாங்கிய லீ-என்பீல்டு துப்பாக்கியில் ஐந்து சால்கள் உண்டு. அவை 10 அங்குலத்திற்கு ஒரு முறை இடப்புறமாகச் சுற்றுவன. அதன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,440 அடி வேகத்தில் வாயை விட்டு நீங்கும். இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், அக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,900 தடவை சுழல்வதாகும்.

சுழற்றுவானேன் எனின், பம்பரத்தை நோக்குக. சுழலாத பம்பரம் ஆணியின்மேல் நில்லாது. நன்கு சுழல்வதோ அசைவின்றி நிற்கும். அந்நிலையைப் பம்பரம் உறங்குகிறது என்பர் நம் சிறுவர். மேனாட்டுக் குறிவல்லாரும் தள்ளாட்டம் அடங்கிய குண்டை 'உறங்கிவிட்டது' என்றே கூறுவராம்! ஆனால் சாட்டையை உருவும்போது கை கோணினால், எத்துணை வேகமாகச் சுழன்றாலும் பம்பரம் முதலிற் சிறிது தள்ளாடியே தீரும். குண்டின் நிலையும் இதுவே. சாட்டை கழலும் அக்கடைசிக் கணம் பம்பரத்திற்கு எத்தகையதோ, குழல்வாயைக் கடக்கும் கணம் குண்டிற்கு அத்தகையது. நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் எழுநூறு பென்யமீன் வீரர் இடக்கை வழக்கமுடையவராய்க் கவண் எறிவதில் மயிரிழையும் தவறாதவராயிருந்தனர் என்று படிக்கின்றோம். அவர்தம் திறமும் கவணை எத்தனை முறை சுழற்றினர் என்பதிலன்றி, எக்கணத்தில் வாரை விட்டனர் என்பதிலேயே இருந்திருத்தல் வேண்டும்.

அக்கணத்தில் நிகழ்வது யாது? குண்டைத் தள்ளிக்கொண்டு வரும் வெடிமருந்தின் ஆவி, வாயை அடையும்போதும் ஒவ்வொரு சதுர அங்குலத்திற்கும் பல ஆயிரம் ராத்தல் அழுத்தம் உடையதாய் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் 15 ராத்தலுக்கும் சிறிது குறைவே என்பதை ஒப்பிட்டு நோக்குக. குண்டின் அடிப்பாகம் வாயை விட்டு அகன்றவுடன் அவ்வாவி குண்டைக் காட்டிலும் வேகமாகப் பீறிட்டு, அதனைச் சுற்றி முன்னே பாயும். விளிம்பு எப்புறமும் ஒத்திருந்தால் ஆவி எப்புறமும் ஒரே கணத்தில் வெளிப்படும். குண்டின் அடி ஒருபுறமும் சாயாது. விளிம்பில் ஓரிடம் நசுங்கியோ தேய்ந்தோ இருந்தால், ஆவி அவ்வழியே சற்று முந்திப் பாய்ந்து குண்டின் அடியை ஒருபுறமாகத் தள்ளிவிடும். தள்ளுண்ட குண்டு தள்ளாடும். தள்ளாடுவது குறி தவறும். எம் தோழருக்கு நேர்ந்தது இதுவே.

குண்டிற்கு முனையினும் அடியே முதன்மை உடையது என்பதை ஆராய்ந்து நாட்டியவருள் ஒருவர் அமெரிக்காவில் மாசச்சூஸெட்ஸ் மாகாணத்தில் வாழ்ந்த பிராங்க்ளின் மான் என்பவர். வைத்தியக் கல்வியில் தேறியவராயினும், குண்டு ஏன் குறி தவறுகிறது என்னும் ஒரு வினாவிலே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1909-ஆம் ஆண்டில் தம் சோதனைகளைப் பெரிய நூலாக வெளியிட்டார். குண்டுகளின் முனையை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார். அவை பெரிதும் வழி விலகவில்லை. அடியைச் சிதைத்துச் சுட்டார். அவை கண்டபடி சிதறின. நம் முன்னோர் அம்பிற்குச் சிறகைப் பின்புறத்தே கட்டினரன்றோ? தைப்பது முனையாயினும் வழி நடத்துவது பின்புறமே என்பதை வேடனும் அறிந்திருந்தான். அப்பின்புறத்தைக் கடைசியாகத் தொட்டு விடுவது குழலின் வாய் ஆதலின், அவ்வாய்க்கு அத்துணைச் சிறப்பு உண்டாயிற்று.

முடி அல்லது மகுடம் என்பது வேறொரு பொருளைக் கொணர்ந்து வாயிற் பொருத்துவதன்று. புரிச்சால் முடியும் இடத்தைக் குழலின் அச்சுக்கு நேர்குத்தாக, எப்புறமும் ஒத்த விளிம்பு உடையதாகக் கடைந்து, அவ்விளிம்பு அடிபடாதவாறு சுற்றுப்புறத்தை அமைத்தலே மகுடமாம். வேட்டைத் துப்பாக்கிகளில் வாய் உருண்டையாக அமைந்திருக்கும். குறிப்பந்தயத் துப்பாக்கிகளில் விளிம்பு சற்றே உள்வாங்கி, வெளிச்சுற்றுக் காவலாக நிற்கும். சிலர் 11 பாகைச் சரிவாகக் கடைவர். இவற்றுள் எது சிறந்தது என்று குறிவல்லார் ஓயாது வாதிடுவர். எமக்கு அவ்வாதம் வேண்டுவதில்லை எனத் தோன்றுகிறது. எவ்வடிவாயினும் எப்புறமும் ஒத்திருத்தலே வேண்டுவது; கோணிய மகுடம் எவ்வடிவாயினும் பயனின்று.

இவ்வாயைக் காப்பதற்கென்றே வியத்தகு சூழ்ச்சியொன்றை 1840-இல் அமெரிக்கர் ஒருவர் கண்டு உரிமைப் பட்டயம் பெற்றார். அவர் ஆல்வன் கிளார்க். வானநூல் கற்போர் இப்பெயரை அறிவர். தூரதிருஷ்டிக் கண்ணாடிகள் சமைப்பதிற் புகழ் பெற்றவர் அவரே. அவர் பட்டறையிற் சமைத்த கண்ணாடியைச் சோதிக்கும்போதுதான் 1862-இல் அவர் மகன் சிரியஸ் என்னும் விண்மீனின் மங்கலான துணை மீனைக் கண்டார். தந்தையார் குறி பார்த்துச் சுடுவதிலும் வேட்கை உடையவர். அக்காலத்துத் துப்பாக்கிகளில் குண்டை வாய்வழியே திணிப்பர். திணிக்குந்தோறும் விளிம்பு தேயும். குண்டும் கோணலாகப் புகும். இதற்குக் கிளார்க் கண்ட பரிகாரம் பொய்வாய். குழலின் நுனியிற் சிறு துண்டை அறுத்தெடுத்து, ஊசிகளால் மீண்டும் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே புரிச்சால் இடுவர். ஆதலின் துண்டின் சாலும் குழலின் சாலும் இடையறாது ஒன்றாய் ஓடும். குண்டு திணிக்கும்போது துண்டு வாயில் இருக்கும். தேய்வும் அடியும் அதனையே சாரும். சுடுமுன் அதனைக் கழற்றிவிட்டால், மெய்வாய் புத்தம் புதிதாய் நிற்கும். விண்மீனை நோக்கும் கண்ணாடியை மயிரிழையிலும் நுண்ணிதாகத் தேய்த்த கை, குழலின் விளிம்பையும் அவ்வாறே மதித்தது.

பிற்காலத்தில் குண்டைப் பின்புறமாக இடும் முறை வந்தபின் அத்தேய்வு ஒழிந்தது. மற்றொரு தேய்வு தோன்றிற்று. அது துடைப்பதனால் வருவது! லீ-என்பீல்டு துப்பாக்கியைத் துணி கட்டிய கயிற்றைக் குழலினுள் விட்டு இழுத்துத் துடைப்பர். கயிற்றை நேரே இழாது ஒருபுறமாக இழுத்தால், மணல் ஒட்டிய கயிறு வாய்விளிம்பை அரம்போல் அராவும். எறும்பு ஊரக் கல்லும் தேயுமாயின், கயிறு ஓட எஃகு தேய்தல் வியப்பன்று. ருஷியரின் மோசின்-நாகாந்த் துப்பாக்கிகளும், அமெரிக்கரின் காரண்ட் துப்பாக்கிகளும் எஃகுக் கோலை வாய்வழியே விட்டுத் துடைக்கப்பட்டமையால் அவ்வாறே தேய்ந்தன. தூய்மை செய்யப் புகுந்தவர் கையாலேயே கேடு வந்தது எண்ணத்தக்கது.

இவ்வாறு தேய்ந்த வாயைக் களைவதே குழலைக் குறைப்பதற்கு முதற்காரணம். தேய்ந்த பகுதி சிறிதாயின் அதனை மாத்திரம் அறுத்தெறிந்து புது மகுடம் கடைந்தால், பழைய துப்பாக்கி மீண்டும் குறி தவறாது சுடும். சோவியத் பட்டறைகள் வேறொரு தந்திரம் செய்தன. வெளியே நீளத்தைக் குறையாமல், தேய்ந்த பகுதியின் உட்புறத்தை அகலத் துளைத்துப் புரிச்சாலை நீக்கிவிட்டன. சால் முடியும் இடம் உள்ளே சென்றுவிடும். அங்கே புதிய விளிம்பு அமையும். முன்குறியும் துப்பாக்கிமுனைக் கத்தியும் இருந்தவாறே இருக்கும். வெளியே குறுகாது உள்ளே குறுகிய இதனை யாம் பெரிதும் விரும்பினோம். ஒலிவடிவம் குறுகியும் வரிவடிவம் மாறாத ஐகாரத்தை அது நினைப்பூட்டுகிறது.

இரண்டாங் காரணம் தூக்கிச் செல்லும் எளிமை. குதிரைமேல் இருப்பவனுக்கும் காட்டிற் புகுபவனுக்கும் நீண்ட குழல் தொல்லையாம். பிரிட்டிஷார் 30 அங்குலத்திற்குச் சற்று மேற்பட்டிருந்த லீ-என்பீல்டு குழலைத் தென்னாப்பிரிக்கப் போருக்குப்பின் 25 அங்குலத்திற்குச் சற்று மேற்பட்டதாகக் குறைத்து, குதிரைப்படைக்கும் காலாட்படைக்கும் ஒன்றாக அமைத்தனர். குறுகிய குழல் குறி தவறும் எனப் பலர் அக்காலத்திற் கூக்குரலிட்டனர். 1914-இல் வந்த பெரும்போரில் அக்கூக்குரல் அடங்கிற்று. ஜெர்மானியரும் 29 அங்குல மௌசர் குழலை 1935-இல் 23½ அங்குல அளவினதாக்கினர். ஆனால் குறுக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு. 1944-இல் காட்டுப் போருக்கென லீ-என்பீல்டு குழலை 19 அங்குலத்திற்கும் சிறிது குறைவாக்கி, எடையையும் குறைத்தபோது, வாயில் தோன்றும் தீச்சுடரை மறைக்கப் புனல் போன்ற ஒரு மூடியைப் பொருத்த நேர்ந்தது; தோளில் இடிக்கும் உதையும் மிகுந்தது. குறி இடம் பெயர்கிறது என்ற முறைப்பாடும் எழுந்தது. 1947-இல் அதனைச் செய்வதை நிறுத்திவிட்டனர்.

இவை தொழிற்சாலைகளில் முதலிலேயே குறுகிய அளவிற் சமைக்கப்பட்டவை. நீண்ட குழலை வாங்கி அறுப்பது அமெரிக்கரின் வழக்கம். முதல் உலகப் போருக்குப்பின் அந்நாட்டு அரசினர் மலிவாக விற்ற கிராக் என்னும் துப்பாக்கிகள் பலவற்றின் 30 அங்குலக் குழல் 22 அங்குலமாக அறுக்கப்பட்டது. இரண்டாம் போருக்குப்பின் வந்து குவிந்த மௌசர்களும் என்பீல்டுகளும் அவ்வாறே வீட்டுப் பட்டறைகளிலும் கொல்லர் பட்டறைகளிலும் வேட்டைத் துப்பாக்கிகளாயின.

அறுத்தலால் வரும் இழப்பு யாது? குழல் நீளமாயின் ஆவி குண்டை நெடுநேரம் தள்ளும். ஆதலின் வேகம் மிகும். பெரிய துப்பாக்கிகளில் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 50 அடி வரை வேகம் குறையும் என்பர். சிறிய .22 தோட்டாவில் மருந்து மிகச் சிறிதாகலின், 16 அங்குல அளவிலேயே வேகம் ஏறக்குறைய நிறைவுறும். அதற்குமேல் நீளத்தால் வேகம் பெரிதும் ஏறாது. குறி தவறாமையோ நீளத்தைப் பொறுத்ததன்று. குறுகிய குழல் விறைப்பு மிக்கதாய், சுடும்போது குறைவாகவே நடுங்கும். நீண்ட குழல் நேரே சுடும் என்னும் நம்பிக்கை, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி மிகுந்தால் கண்ணின் பிழை குறையும் என்னும் உண்மையிலிருந்து பிறந்ததாகும். ஆயினும் வேறோர் இடர் உண்டு. சில குழல்களை, சிறப்பாக .22 குழல்களை, வாயருகே மயிரிழை அளவு இறுக்கமாகச் செய்வர். அவ்விறுக்கமே குண்டைக் கடைசியில் ஒழுங்குபடுத்துவது. அறியாது அறுப்பவர் அதனையே அறுத்தெறிந்துவிடுவர்.

இனி வேலை செய்யும் முறைக்கு வருவோம். துப்பாக்கிக் கொல்லர் குழலைக் கடைசற்பொறியில், அஃதாவது நகரத்துப் பட்டறைகளில் லேத் என வழங்குவதில், பூட்டுவர். குழலின் வெளிப்புறமும் உட்டுளையும் ஒரே மையத்தில் அமைந்திரா. வெளிப்புறத்தை நம்பிக் கடைந்தால் மகுடம் கோணும். ஆதலின், ஆயிரத்திலோர் அங்குலத்தையும் காட்டும் டயல் அளவுகோலை உட்டுளையிலே சார்த்தி, துளை மையத்திற் சுழலுமாறு நெடும்பொழுது திருத்துவர். கடைதல் சில நிமிடங்களில் முடியும். இத்திருத்தமே வேலையிற் பெரும்பகுதி. உளி துளையிலிருந்து வெளிநோக்கி ஓடவேண்டும். உள்நோக்கி ஓடினால் பிசிறு துளைக்குட் புகுந்து சால்களை மூடும்.

வீட்டில் செய்வோர் வாளால் அறுத்து, மூலைமட்டம் வைத்து அரத்தால் ராவி, துளையிற் புகும் காம்புடைய வெட்டுக்கருவியால் முகத்தைச் சமன் செய்வர். பின்னர் உருண்டைத் தலையுடைய பித்தளைத் திருகாணியில் மோட்டார்ப் பட்டறைகளில் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, கைத்துளைப்பானில் மாட்டி வாயில் வைத்துச் சுழற்றுவர். சுழற்றும்போதே கையைப் பலபுறமும் அசைப்பர். உருண்டையான தலை வட்டமான துளையில் தானே மையங்கொள்ளும் ஆதலின் விளிம்பு எப்புறமும் ஒருபடித்தாகத் தேயும். இஃது எளிய முறையாயினும் இழிந்ததன்று. சிறு நசுங்கலைத் திருத்த இதுவே போதும் என்பது எம் கருத்து. குழலை அறுப்பதோ வேறு. முன்குறியை மீண்டும் நேராகப் பதித்தல், தானே இயங்கும் துப்பாக்கியாயின் ஆவித்துளைக்கும் வாய்க்கும் உரிய இடைவெளியைக் காத்தல் முதலியன அதனோடு வரும். ஒருமுறை அறுத்த இரும்பு மீண்டும் ஒட்டாது. அதனைக் கொல்லரிடம் விடுதலே அறிவுடைமை.

வேலை நன்கு முடிந்ததா என்று காண்பதற்குச் சிறிது பஞ்சே போதும். பஞ்சை விளிம்பிற் சுற்றித் தேய்த்தால், பிசிறு உள்ள இடம் இழையைப் பற்றும். சில குண்டுகள் சுட்டபின் வாயின்மேற் கரி படிந்து, சால்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற இதழ்களையுடைய விண்மீன்போல் தோன்றும். இதழ்கள் ஒத்திருந்தால் ஆவி ஒத்து வெளிப்பட்டது. ஓரிதழ் நீண்டிருந்தால் அங்கே குறை உண்டு. முகாமில் யாம் பார்த்த துப்பாக்கியின் வாயிலும் நசுங்கல் இருந்த பக்கத்தே கரி நீண்டு படிந்திருந்தது.

குழலைக் குறுக்குவது எந்நாட்டிலும் கைத்திறன் மாத்திரம் சார்ந்ததன்று. ஆடையுள் மறைக்கத்தக்க துப்பாக்கி கொலைஞர்க்கு உதவும் ஆதலின், அரசுகள் இதனை வரையறுத்துள்ளன. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ரைபிளின் குழல் 16 அங்குலத்திற்குக் குறையுமாயின் முன்னனுமதி பெற்றுப் பதிவு செய்தல் வேண்டும். மூடிய போல்ட்டின் முகம்வரை ஒரு கோலை வாய்வழியே விட்டு நீளத்தை அளப்பர். ஆதலின் அந்நாட்டு அறிவுடையோர் எல்லைக்குச் சற்று மிகுத்தே அறுப்பர். நம் நாட்டிலோ, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அதற்கென உரிமம் பெறாத எவரும் துப்பாக்கிக் குழலைக் குறுக்குதல் கூடாது என விதிக்கின்றது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவர்க்கும் இது பொருந்தும். ஆகவே மேற்கூறிய வீட்டு முறையை நண்பர் எவரும் தம் பாட்டனார் துப்பாக்கியிற் சோதித்துப் பார்த்தல் ஆகாது.

முகாமில் அத்துப்பாக்கியை அன்றே தனியே கட்டி, உரிய பட்டறைக்கு அனுப்பிவிட்டனர். எம் தோழர்க்கு வேறொன்று தந்தனர். அன்று மாலை அவர் சுட்ட ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தால் மறைக்கத்தக்க இடத்தில் விழுந்தன. ஆனால் போட்டிக்குச் செல்வோர் பட்டியல் முந்தின நாளே முடிவாகிவிட்டமையால், அவர் பெயர் அதில் இல்லை.